ஞானஸ்நானப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும்

(நமது பங்கின் நூற்றாண்டு யூபிலிக் கூட்டத்தில் பதிவேட்டுக் குழுவினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



யூபிலியை முன்னிட்டு நமது கோவிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பார்த்துப் புதிதாகப் பிரதி எழுதும் பணியைப் பங்குத்தந்தை அவர்கள் எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஓரங்களைச் செல் அரித்திருந்தது. சில பக்கங்களில் மை மறுபக்கத்துக்கு ஊறியிருந்தது. மாலை வேளைகளில் கோவில் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதினோம். இதைக் கேள்விப்பட்ட விழாக் குழுவினர், "இத்தனை பெயர்களை வாசித்திருக்கிறீர்கள், அந்தப் பெயர்களைப் பற்றியே நாலு வார்த்தை பேசிவிடுங்களேன்" என்றார்கள். கால் மணி நேரத்தில் முடிகிற விஷயம் என்று எண்ணி ஒப்புக்கொண்டோம். எழுத உட்கார்ந்த பிறகுதான், இது கொஞ்சம் சங்கடமான விஷயம் என்று தெரிந்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தொலைவில் உள்ள வேறொரு மறைமாவட்டத்தில், எங்கள் நண்பர் ஒருவருடைய தாயாரின் அடக்கத்துக்குப் போயிருந்தோம். பேருந்து நிலையத்திலிருந்து தெருமுனை வரை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெயர். கோவிலில் துக்கமணி அடித்து, பூசைக்கு முன் குருவானவர் வாசித்தது இன்னொரு பெயர். அந்த அம்மையாரோடு வேலை பார்த்தவர்கள் பின் வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது வேறு யாருக்கோ போலிருக்கிறது, நம்முடையது அடுத்த பூசை" என்று சொல்லி ஒருவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். அந்த இரண்டு பெயர்களையும் நாங்கள் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

இப்போது நமது புத்தகத்துக்கு வருவோம். பழைய பக்கங்களைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது லத்தீன். அந்தக் காலத்தில் பதிவேடுகளை லத்தீனில் எழுதுவதே வழக்கம். ஆகவே வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்ட பிள்ளை புத்தகத்தில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யொவான்னெஸ். நமது தாத்தா பாட்டிமார்கள் பலர் தங்கள் பெயர் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தங்கள் பெயர் என்று அறிந்திருக்கவும் மாட்டார்கள். இரண்டு பெயர் வைத்துக்கொள்வது நேற்று முளைத்த வழக்கம் அல்ல என்பதை இந்தப் புத்தகமே நமக்குச் சொல்லிவிட்டது.

ஆனால் அந்த வீட்டுப் பெயர்களைப் பாருங்கள், எவ்வளவு அழகு! அவை வேற்றுமொழிப் பெயரின் ஒலியைத் தமிழில் எழுதிக்கொண்ட பெயர்கள் அல்ல; பொருளை உணர்ந்து வைத்த பெயர்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் ஆண்டவர் அருள் கூர்ந்தார், ஆகவே அருளப்பர். ஸ்தேபனோஸ் என்றால் கிரேக்க மொழியில் முடி, கிரீடம்; முதல் வேதசாட்சி முடியப்பர் ஆனார். தோமினிக் என்ற பெயர் ஆண்டவருக்குரியவர் என்று பொருள்படும், அவர் சாமிநாதர். பெனெதிக்து ஆசீர்வாதப்பர். லாசர் என்ற பெயரில் 'கடவுள் உதவினார்' என்ற பொருள் அடங்கியிருக்கிறது, அது தேவசகாயம். ராயப்பர் என்பதை, தெலுங்கில் கல்லைக் குறிக்கும் 'ராயி' என்ற சொல்லோடு சேர்த்துப் பெரியோர் சொல்வார்கள். பாறை என்று ஆண்டவரால் பெயர் பெற்றவருக்கு அது பொருத்தந்தான்.

மாதாவின் பெயரால் வந்தவை தனிக்கூட்டம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைகள் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. ஏலாக்குறிச்சி மாதாவை நினைத்து அடைக்கலம், அடைக்கலசாமி. கோணாங்குப்பத்து மாதாவை நினைத்துப் பெரியநாயகம். 1854-ல் அமலோற்பவ சத்தியம் பிரகடனம் செய்யப்பட்டு, நான்கு ஆண்டுகளில் 1858-ல் லூர்து நகர்க் குகையில் மாதா காட்சி கொடுத்த பிறகு, அமலோற்பவமும் லூர்துமேரியும் லூர்துசாமியும் பெருகிவிட்டார்கள். அந்தக் காட்சியில் சிறுமி பெர்நதெத்திடம் குருவானவர் கேட்டு வரச் சொன்னது என்ன தெரியுமா? அந்த அம்மையின் பெயர்தான். மாதாவே ஆனாலும் பெயர் என்ன என்று பங்குச் சாமியார் கேட்பார் போலும்!

இந்தப் பெயர்களுக்கு ஒரு சோதனை 1995-ல் வந்தது. கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் அந்த ஆண்டு வெளிவந்தது. அதில் ராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், சூசையப்பர் யோசேப்பு ஆனார். எல்லாச் சபையாரும் ஒரே வேதப் புத்தகத்தை வாசிப்பது நல்லதே; அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஞாயிறு தோறும் பவுல் எழுதிய திருமுகம் வாசிக்கப்படும்போது முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சின்னப்பத் தாத்தாவுக்கு, வாசிக்கப்படுவது தமது பாதுகாவலர் எழுதிய கடிதம் என்று தோன்றுமா? ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எங்களிடம், "ராயப்பர் என்பவர் எந்த ஊர்ப் புனிதர்?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனார் பெயர் ராயப்பன். இங்கே மாறியது மனிதரின் பெயர்கூட அல்ல, புனிதரின் பெயர். பெயரை வாங்கிக்கொண்டவர்கள் நடுவழியில் நிற்கிறார்கள்.

நமது மண்ணுக்கு வேதம் போதிக்க வந்தவர்களும் பெயரை மாற்றிக்கொண்டவர்கள்தான். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தத்துவ போதகர் ஆனார். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டுண்டு, 1947-ல் புனிதர் பட்டம் பெற்ற ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர். 1710-ல் இந்தியாவுக்கு வந்த கொன்ஸ்தான்சியுஸ் பெஸ்கி, தம் பெயரை அப்படியே தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இவர்கள் நமது வீட்டுக்குள் வருவதற்காகத் தங்கள் பெயரை வாசலில் கழற்றி வைத்தவர்கள்.

அதற்கு முன் முத்துக்குளித்துறையில் நடந்தது வேறு. 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற கடற்கரை மக்கள் போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயர்களை ஏற்றார்கள். பர்னாந்து, கோமஸ், மிராந்தா, ரோச், வாஸ், கோஸ்தா. இங்கே வந்தவர் பெயர் மாறவில்லை. இருந்தவர் பெயர் மாறியது. இதை அடிமைத்தனம் என்று சிலர் ஏசுவதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றில் ஊறிய பிறகு பர்னாந்து என்பது தூத்துக்குடிப் பெயர். அதைக் கேட்டதும் நமக்கு லிஸ்பன் நினைவு வருகிறதா, கட்டுமரம் நினைவு வருகிறதா? 1542-ல் அந்தக் கரைக்கு வந்த சவேரியாருடைய பெயரும் உண்மையில் ஓர் ஊரின் பெயரே. அவர் பிறந்த கோட்டையின் பெயர் சவியேர். பாஸ்கு மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் புது வீடு என்று பொருள். சவரிமுத்து என்று பெயர் கொண்ட நமது சகோதரர்கள், புது வீட்டு முத்து என்று தங்கள் பெயருக்குப் பொருள் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சந்தோஷமாகச் சொல்லக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

பழைய பக்கங்களில் பெயர், பிறந்த நாள், தகப்பன், தாய், ஞானத் தகப்பன், ஞானத் தாய் என்ற கட்டங்களோடு இன்னொரு கட்டமும் இருந்தது. அது சாதி. பிரதி எழுதும்போது அந்தக் கட்டத்தை என்ன செய்வது என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம். "உள்ளதை உள்ளபடி எழுதுவதுதானே பிரதி? சரித்திரத்தை அழிக்கலாமா?" என்றார் ஒருவர். "சரித்திரம் பழைய புத்தகத்திலேயே இருக்கட்டும், நம் கையால் இன்னொரு முறை எழுத வேண்டுமா?" என்றார் மற்றொருவர். அந்தக் கட்டத்தைவிட எங்களைச் சுட்டது வேறொன்று. சிலருடைய பெயரைப் பட்டத்தோடும் மரியாதையோடும் முழுமையாக எழுதியிருக்கிறது. வேறு சிலருடைய பெயரை அரைப்பெயராக நிறுத்தியிருக்கிறது. சவரிமுத்து என்று எழுத இடம் இருந்தும் 'சவரி'. அந்தோணிசாமி என்று எழுத மை இருந்தும் 'அந்தோணி'. தெருவில் கூப்பிட்டது போலவே எழுதிவிட்டார்கள். ஒரே தீர்த்தத் தொட்டியில் ஒரே வாரத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் தகப்பன்மார்கள் இவர்கள்.

தேவசகாயம் அவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், நீலகண்டன் என்று பெயர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனாய் மூலம் வேதத்தை அறிந்து, 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் லாசர் என்ற பெயரால் ஞானஸ்நானம் பெற்றார். அந்தப் பெயரே தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாள் தெரேசா என்ற பெயர் பெற்று, தமிழில் ஞானப்பூ ஆனார். என்ன அருமையான பெயர்! இப்போது ஏன் யாரும் வைப்பதில்லை என்று தெரியவில்லை. பெயர் மாறியதோடு நிற்கவில்லை. தாழ்ந்தவர் என்று தள்ளப்பட்டவர்களோடு தேவசகாயம் கலந்து பழகத் தொடங்கினார். கைது செய்யப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012 டிசம்பரில் அருளாளர் பட்டம் கொடுத்தபோதும் அவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்க வேண்டும் என்று விசுவாசிகள் ரோமாபுரிக்கு எழுதினார்கள். 2022 மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தபோது அவர் வெறும் தேவசகாயம். 270 ஆண்டுகளுக்கு முன் அவர் விட்டுவந்ததை நாம் அதுவரை விடவில்லை.

இதில் இன்னொரு செய்தியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விடச் சொல்லி, கோவிலுக்கே போகாதவர்கள் 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். நாம் ஒரு புனிதருடைய பெயரிலிருந்து அதை எடுக்க 93 ஆண்டுகள் பின்தங்கினோம்.

கடைசியில் எங்கள் வாக்குவாதம் இப்படி முடிந்தது. புதுப் பிரதியில் சாதிக் கட்டம் இல்லை. பழைய புத்தகம் பங்குத்தந்தையின் அலமாரியில் பூட்டி இருக்கும். 'சவரி' என்று இருந்த இடங்களில், குடும்பத்தாரைக் கேட்டு முழுப் பெயரை ஓரத்தில் குறித்திருக்கிறோம். எங்களில் ஒருவருக்கு இன்னும் இதில் முழுச் சம்மதம் இல்லை.

இப்போது அந்த அடக்கத்துக்குத் திரும்புவோம்.

1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகள் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் 3-வது பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே தெருவில், அதே குடிசையில், அதே கூலிக்குப் போகிறவர்கள்; டீக்கடையில் தனிக் குவளையைக் கண்டவர்கள்; ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு வேறு ஆட்கள். அந்த நாளைக் கறுப்பு நாள் என்று நமது திருச்சபை ஆண்டுதோறும் அனுசரித்து வருவதை நீங்கள் அறிவீர்கள்.

இந்த ஆணைக்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் முதலில் கேட்பது பெயர். மரியதாஸ் என்றோ செபமாலை என்றோ சொன்னால் அந்த நொடியிலேயே விடுதி இடம், உதவித்தொகை, பின்னாளில் உத்தியோகம், நிலக்கடன் எல்லாம் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே தகப்பன் வேறொரு பெயரைச் சொல்கிறான். அந்தப் பெயர் சான்றிதழில் ஏறுகிறது, குடும்ப அட்டையில் ஏறுகிறது, சம்பளப் பட்டியலில் ஏறுகிறது. கோவிலில் அவன் இன்னும் மரியதாஸ்தான். ஞாயிறு காலை ஒரு பெயர், திங்கள் காலை ஒரு பெயர்.

இப்படி உள்ளவர்களைப் பற்றி நாம் கோவில் வாசலிலேயே பேசுகிற பேச்சு இருக்கிறதே! "ரெட்டைப் பெயர்க்காரன்" என்கிறோம். "ஆண்டவரை மறுதலித்தவன்" என்கிறோம். இவர்கள் நம் பங்கில் இருக்கிறார்களா, அடுத்த பங்கிலா என்று தயவுசெய்து யாரும் பக்கத்தில் திரும்பிப் பார்க்க வேண்டாம். நாங்கள் எந்தப் பங்கையும் சொல்லவில்லை. ஆனால் வேதப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்.

சவுல் மனந்திரும்பியதும் பவுல் என்று பெயர் மாற்றப்பட்டார் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம். அப்போஸ்தலர் பணிகளை நிதானமாக வாசித்தால் அப்படி இல்லை. தமஸ்கு வழியில் விழுந்து எழுந்து, ஞானஸ்நானம் பெற்று, ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர் சவுல்தான். 13-ஆம் அதிகாரத்தில், சைப்பிரசு தீவில் ரோமை ஆளுநர் முன்னால் நிற்கும்போதுதான், சவுலுக்குப் பவுல் என்றும் பெயர் உண்டு என்று முதல் முறையாக எழுதியிருக்கிறது. யூதர் நடுவில் யூதப் பெயர், ரோமர் நடுவில் ரோமைப் பெயர். நமது சின்னப்பருக்கே இரண்டு பெயர்!

எஸ்தர் அரசிக்கு ஹதஸ்ஸா என்று எபிரேயப் பெயர். பாரசீக அரண்மனைக்குள் போகும்போது, உன் குலத்தையும் உன் மக்களையும் வெளியே சொல்லாதே என்று வளர்த்தவரே சொல்லி அனுப்புகிறார். அவளும் வாய் திறக்கவில்லை. தன் மக்களுக்குச் சாவு நெருங்கியபோது திறந்தாள். அவளை எந்தப் பிரசங்கத்திலும் மறுதலித்தவள் என்று யாரும் சொன்னதில்லை. பாபிலோனில் தானியேலுக்கும் அவர் தோழர் மூவருக்கும் அரண்மனை அதிகாரி வேறு பெயர் சூட்டினான்; அதில் மூன்று பேரை நாம் இன்றைக்கும் அந்த அதிகாரி வைத்த பெயராலேயே சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ என்று சொல்லி வருகிறோம். சூளையில் எரியாதவர்கள் அவர்கள்தாம்.

கடவுள் கொடுத்த பெயரையே மனிதர் கொடுமைக்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஆபிரகாமின் மனைவிக்குச் சாரா என்றும், யாக்கோபுக்கு இஸ்ரயேல் என்றும் ஆண்டவர் பெயர் மாற்றினார். 1938-ல் ஹிட்லரின் அரசாங்கம் சட்டம் போட்டு, பெயரைப் பார்த்தாலே யூதர் என்று தெரியாத எல்லா யூத ஆண்களும் இஸ்ரயேல் என்றும், பெண்கள் சாரா என்றும் தங்கள் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆசீர்வாதமாக வந்த பெயர் முதுகில் ஒட்டிய அடையாளச் சீட்டாயிற்று. பெயரைப் பார்த்ததும் ஆளை இன்ன தட்டில் வை என்று சொல்லும் காரியம் எங்கே நடந்தாலும், அந்தப் பெயரை மறைக்க ஒருவன் முயன்றால் அவனைக் குறை சொல்லும் முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

பெயர் மாற்றுவதற்கு இன்னும் எத்தனையோ காரணங்கள். பாப்புமார்கள் பெயர் மாற்றிக்கொள்ளும் வழக்கம் 533-ல் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மெர்க்கூரியுஸ் என்று ரோமைப் பொய்த்தேவனின் பெயர் இருந்ததால் இரண்டாம் யோவான் என்று வைத்துக்கொண்டார். 1555-க்குப் பிறகு யாரும் சொந்தப் பெயரோடு அந்த ஆசனத்தில் அமரவில்லை. 2025 மே மாதம் ராபர்ட் என்பவர் பதினான்காம் லியோ ஆனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நமது சகோதரிகள் முன்பு உடுப்பு வாங்கும்போது பெயர் மாற்றினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பலர் ஞானஸ்நானப் பெயருக்கே திரும்பினார்கள். எண் சோதிடம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதாக இல்லை. பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார்!

துக்கத்தால் பெயரை வெறுத்தவரும் உண்டு. நகோமி கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபு நாட்டில் பறிகொடுத்து வெறுங்கையோடு பெத்லெகேமுக்குத் திரும்புகிறாள். நகோமி என்றால் இனிமை. ஊர்ப் பெண்கள் அடையாளம் கண்டு பெயர் சொல்லும்போது, இனி என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், மாரா என்று கூப்பிடுங்கள் என்கிறாள். மாரா என்றால் கசப்பு. ஆனால் ஒருவரும் அவளை மாரா என்று கூப்பிடவில்லை. கடைசியில் ரூத்தின் குழந்தையை அவள் மடியில் வைத்துச் சந்தோஷப்படும்போதும் அந்தப் பெண்கள் நகோமி என்றே சொல்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டமும் நாம் நினைக்கிற அளவுக்குக் கடுமையானதல்ல. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 761-வது விதி, பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கப் பங்குக்குரு முயல வேண்டும் என்றும், பெற்றோர் இணங்காவிட்டால் அவர்கள் வைத்த பெயரோடு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து இரண்டையும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்றும் சொன்னது. 1983-ல் வந்த புதிய சட்டத்தின் 855-வது விதி, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வேண்டாம் என்பதோடு நின்றுவிட்டது. ஆகவே 'ஷ்' என்று முடியும் பெயரோடு வரும் இளம் தாய்மார்களைப் பார்த்துப் பாட்டிமார்கள் முகம் சுளிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

இதையெல்லாம் வைத்து நாங்கள் ஒரு யோசனை செய்தோம். புதுப் பிரதியில் 'வழங்கும் வேறு பெயர்' என்று ஒரு கட்டம் சேர்த்தால் என்ன? பழைய விதியும் இரண்டையும் எழுதச் சொன்னதுதானே? இரண்டு பெயரும் ஒரே வரியில் நின்றால் நம்முடைய மக்கள் தலைநிமிர்ந்து இருப்பார்களே என்று எண்ணினோம். கட்டமும் கோடு போட்டாயிற்று.

அப்போதுதான் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு எங்கள் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தாம் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்டார். அவர் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றதும், கோவிலுக்குப் போய்வந்ததும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டு, கேட்டது மறுக்கப்பட்டது. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். தீர்ப்பின் சரி தவறை ஆராய எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் நாங்கள் அன்போடு கோடு போட்ட கட்டம், ஒரு நாள் யாருடைய சோற்றுத் தட்டிலாவது விழும் என்பது புரிந்தது. மறுபடியும் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். உயிரோடு இருப்பவர்களின் வரியில், கோவிலுக்கு அவர்கள் கொடுத்த பெயர் மட்டும் இருக்கும். பொய் ஒன்றும் எழுதவில்லை. கேளாததை எழுதவும் இல்லை. அடக்கப் புத்தகத்தில் மட்டும் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறோம். குடும்பத்தார் தாமாக வந்து கேட்டால் மற்றப் பெயரையும் அங்கே எழுதலாம்.

எங்கள் நண்பரைச் சென்ற மாதம் சந்தித்தபோது இந்த ஏற்பாட்டைச் சொன்னோம். அவருடைய பங்கிலும் அதுபோல இடம் விடச் சொல்லி, அம்மாவின் இரண்டு பெயரையும் எழுதிவிடலாமே என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அப்புறம் வந்து எழுதுகிறேன்."

பிரதி எடுத்த புத்தகங்கள் இந்த மாதம் முழுவதும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கோவில் அறையில் இருக்கும். உங்கள் குடும்பத்துப் பெயர்களில் எழுத்துப் பிழையோ அரைப்பெயரோ இருந்தால் வந்து சொல்லுங்கள்.